ஏதென்ஸ் ஆந்தை ஏன் தலைமுறை தலைமுறையாக ஒரே முகத்தோடு இருந்தது?

பார்த்தனான் கோயிலைக் கட்டத் தெரிந்த ஊருக்கு, நாணயத்தில் ஒழுங்காக ஒரு பெண் முகம் செதுக்கத் தெரியவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதென்ஸின் ஆந்தை நாணயத்தையும் சிரக்கூஸ் நகரத்தின் வெள்ளி நாணயத்தையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு படமும் போட்டிருக்கிறீர்கள். சிரக்கூஸ் முகத்தில் கூந்தல் இழை இழையாக ஓடுகிறது, டால்பின்கள் சுற்றி நீந்துகின்றன. ஏதென்ஸ் முகமோ பொம்மை போலச் சிரிக்கிறது. பக்கவாட்டு முகத்தில் கண் மட்டும் நம்மை நேராகப் பார்க்கிறது. போதாக்குறைக்கு உங்கள் ஆந்தையின் தலையில் ஆழமாக ஒரு வெட்டு. யாராவது பாழாக்கிவிட்டார்களா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. பார்ப்பதற்கு இது கலையைப் பற்றிய கேள்வி போல இருக்கிறது. ஆனால் ஒரு நாணயத்தின் முகம் யார் பார்ப்பதற்காக அடிக்கப்பட்டது என்பதைத்தான் நீங்கள் கேட்டிருப்பதாக எனக்குப் படுகிறது. வெட்டுக்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

நான் வெள்ளிப் பட்டறை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய நாணயங்களை எடைபோட்டுப் பட்டியலிடுவதே என் வேலை. உலோகத்தையும் அச்சையும் பற்றி நான் சொல்வதைக் கைப்பழக்கத்தில் சொல்கிறேன். கிரேக்க மொழியை முறையாகக் கற்றவன் அல்லன்; அந்நாட்டு நூல்களையும் கல்வெட்டுகளையும் மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். அறிஞர்களிடையே இன்னும் தீராத சங்கதிகளை அங்கங்கே அப்படியே குறித்துவிடுகிறேன்.

முதலில் நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். நீங்கள் காட்டியிருப்பது நான்கு திராக்மா மதிப்புள்ள காசு. எடை சுமார் 17.2 கிராம், நம் கணக்கில் இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் மேலே. குறுக்களவில் நம் பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுதான் இருக்கும், ஆனால் தடிமன் மிக அதிகம். முதல் தடவை உள்ளங்கையில் வைத்தபோது, காசு என்பதைவிட ஒரு வெள்ளிக் கட்டியைப் பிடித்திருப்பதாகவே தோன்றியது. ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த அதீனா, ஊரின் காவல் தெய்வம். மறுபக்கம் ஆந்தை, மேல் மூலையில் ஒலிவக் கிளை, சிறு பிறை, வலப்புறம் ஊரின் பெயரைக் குறிக்கும் மூன்று கிரேக்க எழுத்துகள். வெள்ளியின் தரம் பெரும்பாலும் 95 விழுக்காட்டுக்கு மேல். ஆறு ஓபோல் ஒரு திராக்மா, நூறு திராக்மா ஒரு மினா, அறுபது மினா ஒரு தாலந்து. ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 26 கிலோ வெள்ளி. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அக்ரோபொலிஸ் குன்றில் எரெக்தியோன் கோயில் வேலையில் இருந்த கைவினைஞருக்கு நாள் கூலி ஒரு திராக்மா என்று கட்டுமானக் கணக்குக் கல்வெட்டே சொல்கிறது. ஆக, உங்கள் படத்தில் இருப்பது தேர்ந்த ஒரு தச்சரின் நான்கு நாள் உழைப்பு.

இந்தக் காசை அடித்த முறையைத் தெரிந்துகொண்டால் அதன் முகத்தோடு கொஞ்சம் சமாதானமாகலாம். உருக்கிய வெள்ளியை எடை பார்த்து வில்லையாக்குவார்கள். அதீனா முகம் குடைந்த கீழச்சு பட்டறைக் கல்லில் பதிந்திருக்கும். வில்லையை அதன்மேல் வைத்து, ஆந்தை குடைந்த மேலச்சைக் கையில் பிடித்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். பல சமயங்களில் வில்லை அச்சைவிடச் சிறியதாக இருக்கும். அதனால்தான் பெரும்பாலான ஆந்தைக் காசுகளில் அதீனாவின் கவசக் கொண்டை முழுதாக விழுவதில்லை. உங்கள் படத்திலும் கொண்டை பாதியோடு நின்றுவிட்டதைப் பாருங்கள். கோணல் விழுந்தாலும் கொண்டை போனாலும் அவர்கள் கவலைப்படவில்லை. எடை மட்டும் பிசகவில்லை. என் தராசில் ஏறிய நல்ல நிலைக் காசுகள் ஒன்றுக்கொன்று பெரும்பாலும் கால் கிராம்கூட வேறுபட்டதில்லை. இந்த ஊர் எதில் கண்ணாக இருந்தது என்பதைத் தராசுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஆந்தைக்கு முன்னாலும் ஏதென்ஸில் வெள்ளிக் காசுகள் இருந்தன. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் சக்கரம், குதிரை, கோர்கன் முகம் என்று அடிக்கடி சின்னம் மாற்றி அடித்தார்கள். ஊர்ப் பெயர் கிடையாது. அந்தக் காசுகள் அக்கம்பக்கத்தைத் தாண்டி அதிகம் போகவில்லை. ஆறாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அதீனாவும் ஆந்தையும் ஊர்ப் பெயரும் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. பிறகு கி.மு. 483 வாக்கில் நகரத்துக்குத் தெற்கே லாரியோன் மலைப்பகுதியில் கொழுத்த வெள்ளிப் படுகை ஒன்று அகப்பட்டது. அதில் நகரத்துக்குக் கிடைத்த வருமானத்தைத் தலைக்குப் பத்து திராக்மா என்று குடிமக்களுக்குப் பங்கிட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. தெமிஸ்டோக்கிளிஸ் என்ற தலைவர் தடுத்து, கப்பல் கட்டலாம் என்றார். எத்தனை கப்பல் என்பதில் பழைய ஆசிரியர்களே ஒத்துப்போகவில்லை: ஹெரடோட்டஸ் 200 என்கிறார், அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல் 100 என்கிறது. மூன்றே ஆண்டுகளில் சலாமிஸ் கடற்போரில் பாரசீகக் கடற்படையை முறியடித்ததில் அந்தக் கப்பல்களுக்குப் பெரும் பங்கு இருந்தது என்பதில் மட்டும் இருவருக்கும் வேறு கருத்து இல்லை.

லாரியோனில் வெள்ளி தனியாகக் கிடைக்கவில்லை, ஈயத் தாதுவோடு கலந்து கிடைத்தது. தாதுவை இடித்து அரைத்து, சாய்வான கல் மேடைகளில் தண்ணீர் விட்டு அலசி, கனமானதைப் பிரித்து உலையில் ஏற்றுவார்கள். வருவது வெள்ளி கலந்த ஈயம். அதைக் காற்று ஊதிப் புடமிட்டால் ஈயம் மிருதாரசிங்கியாக (ஈய ஆக்சைடாக) மாறி ஒதுங்கும், வெள்ளி நடுவில் தங்கிவிடும். எங்கள் வீட்டுப் பட்டறையில் பழைய வெள்ளியைச் சுத்தம் செய்யும்போது ஈயம் சேர்த்துப் புடமிடுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். கடைசியில் மேலே மிதக்கும் ஆடை விலகி, வெள்ளி பளிச்சென்று ஒருமுறை கண் திறக்கும். அதே வேலைதான் அங்கேயும், மலையளவில். மலைக்குள் இறங்கியவர்கள் அடிமைகள். நிக்கியாஸ் என்ற பிரபு தன்னிடம் இருந்த ஆயிரம் அடிமைகளை, தலைக்கு நாளொன்றுக்கு ஒரு ஓபோல் வாடகைக்குச் சுரங்கத்துக்கு விட்டிருந்தார் என்று ஏதென்ஸ் எழுத்தாளர் செனபோன் எழுதுகிறார். ஒரு மனித உயிரின் ஒரு நாள், முக்கால் கிராமுக்கும் குறைவான வெள்ளி. இந்தக் காசின் அழகைப் பற்றிப் பேசும் எவரும் அந்தக் கணக்கை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் பெரும்பாலான கிரேக்க நகரங்களின் காசு சொந்த ஊர் எல்லைக்குள் புழங்கியது. வெளியூர் போனால் வட்டம் (மாற்றுக் கழிவு) பிடித்துக்கொண்டுதான் மாற்றித் தருவார்கள். ஏதென்ஸுக்கு வெள்ளி ஒரு விளைபொருள். கருங்கடல் பக்கத்துக் கோதுமைக்கும் மரத்துக்கும் அது கொடுத்த சரக்கே இந்தக் காசுதான். செனபோன் நான்காம் நூற்றாண்டின் நடுவில் இதைத் தெளிவாகச் சொல்கிறார்: மற்ற ஊர்களில் சரக்கை விற்ற வணிகன், அந்த ஊர்க் காசு வெளியே செல்லாததால் திரும்பும்போது வேறு சரக்கை ஏற்றியே ஆக வேண்டும், ஏதென்ஸிலிருந்து அவன் வெள்ளியையே ஏற்றிக்கொண்டு போகலாம், எங்கே விற்றாலும் போட்ட முதலுக்கு மேல் கிடைக்கும். எகிப்திலோ சிரியாவிலோ இருக்கும் தானிய வியாபாரிக்குக் கிரேக்க எழுத்து தெரியாது. ஏதென்ஸின் பெரும் சிற்பி ஃபிடியாஸ் செய்த சிலையை அவன் பார்த்ததில்லை. ஆனால் அவன் தகப்பன் வாங்கிய ஆந்தை எப்படி இருந்தது என்பது அவனுக்குத் தெரியும். முகம் மாறினால் அவன் கை தயங்கும். வியாபாரத்தில் ஒரு நொடித் தயக்கம் என்பதும் விலைக் குறைப்புத்தான்.

ஆகவே பார்த்தனானுக்கு 447இல் அடித்தளம் போட்டு, சிற்பக் கலை உச்சத்துக்குப் போன அதே ஆண்டுகளில், காசில் இருந்த அதீனா தன் பாட்டி காலத்துச் சிரிப்போடும் நேர்ப்பார்வைக் கண்ணோடும் இருந்தாள். பக்கவாட்டு முகத்துக்கு ஏற்ற பக்கவாட்டுக் கண் நான்காம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான் அவளுக்கு வந்தது. செதுக்கத் தெரியாமல் இல்லை. அதே ஊர் 460களை ஒட்டிப் பத்து திராக்மாப் பெருங்காசு ஒன்றை மிகக் குறைந்த எண்ணிக்கையில் அடித்தது. சுமார் 43 கிராம். ஆந்தை இறக்கை விரித்து நேருக்கு நேர் நம்மைப் பார்க்கும். துருக்கியின் எல்மாலி அருகே 1984இல் தோண்டியெடுக்கப்பட்டுக் கடத்தப்பட்ட புதையலில் அவை பதினான்கு இருந்தன; அந்தப் புதையலின் பெரும்பகுதி நீண்ட வழக்குக்குப் பின் 1999இல் துருக்கிக்குத் திரும்பியது. அந்தப் பெருங்காசின் ஆந்தையைப் பார்த்தவர் எவரும் ஏதென்ஸின் அச்சுக்குடைவோரைக் குறைசொல்ல மாட்டார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். “நம்பிக்கை கெடாமல் இருக்க முகத்தை மாற்றாதீர்கள்” என்று ஏதென்ஸ் மன்றம் தீர்மானம் போட்டதாக எந்தக் கல்வெட்டும் இல்லை. நான் மேலே சொன்னது காசுகளைப் பார்த்தும் செனபோனைப் படித்தும் எட்டிய முடிவு. நாணயவியலாளர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கிறார்கள். அவசரமாகக் கோடிக்கணக்கில் அடித்ததால் பழைய அச்சையே பார்த்துப் பார்த்துக் குடைந்தார்கள் என்று வேலைச் சுமையைக் காரணம் சொல்வோரும் உண்டு. அளவு உண்மையிலேயே மலைக்கவைக்கும்: 431இல் ஸ்பார்ட்டாவோடு போர் தொடங்கும்போது அக்ரோபொலிஸில் ஆறாயிரம் தாலந்து நாணய வெள்ளி இருப்பதாக ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் சொன்னதை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பதிந்திருக்கிறார். நான்கு திராக்மாக் காசாக எண்ணினால் அது 90 லட்சம். இரண்டு காரணங்களும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவில்லை. எனக்கு முதல் காரணம்தான் வலுவாகப் படுகிறது, ஏனென்றால் மிகக் குறைவாக அடித்த ஆண்டுகளிலும் முகம் மாறவில்லை.

சிரக்கூஸின் கதையே வேறு. அதற்குச் சொந்தமாக வெள்ளிச் சுரங்கம் கிடையாது. வெள்ளி வெளியிலிருந்து வந்தது, காசு பெரும்பாலும் சிசிலித் தீவுக்குள்ளேயே சுற்றியது. ஊர்ப் பெருமையைக் காட்டவும் பக்கத்து நகரங்களோடு போட்டிபோடவும் அங்கே அழகு தேவைப்பட்டது. கிமோன், யூஐனெட்டோஸ் போன்ற அச்சுக்குடைவோர் அச்சிலேயே தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டார்கள். ஏதென்ஸ் அச்சில் எந்தக் கலைஞனின் பெயரும் கிடையாது. கொரிந்துக்கும் பறக்கும் குதிரை, ஊர்ப் பெயரின் பழைய முதலெழுத்து என்று நீண்ட காலம் மாறாத சின்னம் இருந்தது. அதுவும் கடல் வணிக ஊர் என்பதை நினைவில் வையுங்கள். ஏஜினா தீவு கடலாமையை விட்டு நிலத்தாமைக்கு மாறியது. அந்த மாற்றத்துக்கு ஏதென்ஸிடம் அது தோற்றுக் கடல் ஆதிக்கத்தை இழந்தது காரணம் என்று பாடநூல்களில் எழுதுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது ஊகம்.

ஏதென்ஸ் ஆந்தைமேல் இருந்த நம்பிக்கை ஒரு தடவை உடைந்தது. 413இல் ஸ்பார்ட்டாப் படை ஏதென்ஸுக்கு வடக்கே தெக்கேலியாவில் நிரந்தரமாக உட்கார்ந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் ஓடிப்போனார்கள் என்கிறார் துசிடிடீஸ். அவர்களில் சுரங்கத்தார் எத்தனை பேர் என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் லாரியோன் முடங்கியது. சில ஆண்டுகளில் கையிருப்பு தீர்ந்து, கோயிலில் இருந்த தங்க வெற்றித் தேவதைச் சிலைகளை உருக்கிக் காசடித்தார்கள். பிறகு செம்பின்மேல் வெள்ளி முலாம் பூசிய ஆந்தைகள் வந்தன. 405இல் அரங்கேறிய “தவளைகள்” நாடகத்தில் அரிஸ்டோபனீஸ் இதைச் சொல்லி வருந்துகிறார்: கிரேக்கரிடமும் அயலாரிடமும் தட்டினால் நல்ல ஒலி தந்த பழைய காசை விட்டுவிட்டு, நேற்று அடித்த மட்டமான செம்புக் காசைப் புழங்குகிறோம், நல்ல மனிதர்களையும் அப்படித்தான் ஒதுக்குகிறோம் என்று. தட்டிப் பார்த்து ஒலி கேட்பது என்று அவர் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். எங்கள் கடையில் என் தாத்தா கல்லாப்பெட்டி விளிம்பில் ரூபாயைச் சுண்டிப் பார்ப்பார். முலாம் பூசியது “தொப்” என்று விழும், நல்ல வெள்ளி சற்று நேரம் பேசிக்கொண்டிருக்கும்.

கெட்ட பெயரைத் துடைக்க ஏதென்ஸ் பட்ட பாட்டுக்கு அருமையான சான்று ஒன்று 1970இல் ஏதென்ஸ் சந்தைத் திடலில் கிடைத்த பளிங்குக் கல்வெட்டு. கி.மு. 375ஆம் ஆண்டை ஒட்டி நிக்கோபோன் என்பவர் கொண்டுவந்த சட்டம். பணமாற்று மேசைகளுக்கு நடுவே நாணயச் சோதகர் ஒருவர் உட்கார வேண்டும். அவர் நகரத்துக்குச் சொந்தமான அடிமை. யார் காசு கொண்டுவந்தாலும் பார்த்துச் சொல்ல வேண்டும். தவறினால் ஐம்பது சவுக்கடி. உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அந்த இடத்திலேயே வெட்டி, தேவர்களின் தாய்க்குக் காணிக்கையாக்கிவிட வேண்டும். நல்லது என்று சோதகர் சொன்ன காசை வாங்க மறுக்கும் வியாபாரியின் அன்றைய சரக்கு பறிமுதல். கப்பல் வணிகர்களுக்காகப் பிரேயஸ் துறைமுகத்திலும் ஒரு சோதகர். வெளிநாட்டில் ஆந்தை முகத்தோடு அடித்த, ஆனால் வெள்ளி சுத்தமான போலிகளை என்ன செய்வது என்பதைச் சொல்லும் வரிகள் சிதைந்திருக்கின்றன. கொண்டுவந்தவரிடமே திருப்பித் தர வேண்டும் என்று பலர் நிரப்பிப் படிக்கிறார்கள், எல்லாரும் ஒப்பவில்லை. இந்தச் சட்டத்தைப் படிக்கும்போதெல்லாம், நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து மற்றவர் பணத்தைத் தடவிப் பார்த்து, தன்னிடம் எதுவும் இல்லாத அந்த மனிதரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவர் பெயரைக் கல்வெட்டு சொல்லவில்லை.

வெளிநாட்டுப் போலி என்றதும் மோசடி என்று மட்டும் நினைக்க வேண்டாம். எகிப்தில் கிரேக்கக் கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்க ஆந்தையைத்தான் அடிக்க வேண்டியிருந்தது, வேறு காசை அவர்கள் வாங்க மாட்டார்கள். பாரசீகப் பேரரசர் மூன்றாம் அர்த்தசெர்க்சஸ் எகிப்தைப் பிடித்த பிறகு அடித்த ஆந்தைகளில், ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எகிப்திய எழுத்தில் அவர் பெயரும் பாரோ என்ற பட்டமும் இருக்கும். காசாவிலும் தென் அரேபியாவிலும்கூட ஆந்தை அடித்தார்கள். காபூலில் 1933இல் கிடைத்த புதையலில் கிரேக்க நகரக் காசுகள், நம் பக்கத்து முத்திரை வெள்ளிப் பட்டைகளோடு சேர்ந்தே இருந்தன. திராக்மா என்ற சொல்லும் காசோடு நடந்தது: அரபியில் திர்ஹம், வடமொழியில் திரம்மம். துபாயில் சம்பளம் வாங்கும் நம்மவர்கள் மாதாமாதம் எண்ணுவது இந்தச் சொல்லைத்தான்.

இன்னும் தீராத வேறு சில: அதீனாவின் கவசத்தில் உள்ள ஒலிவ இலைகளும் ஆந்தைக்கு அருகில் உள்ள பிறையும் பாரசீகப் போர் வெற்றியைக் குறிக்கின்றன என்பது பழைய விளக்கம், பிறைக்கு மாரத்தான் போர் என்பாரும் சலாமிஸ் போர் என்பாரும் உண்டு, இரண்டுக்கும் நேரடிச் சான்று இல்லை. நட்பு நாடுகள் எல்லாம் ஏதென்ஸ் காசையும் எடையையும் அளவையுமே பயன்படுத்த வேண்டும் என்ற ஆணை ஒன்றின் துண்டுகள் பல ஊர்களில் கிடைத்திருக்கின்றன; அதை 440களில் வைப்பதா, 420களிலோ அதற்குப் பின்னோ வைப்பதா என்ற சண்டை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஒரு அச்சில் எத்தனை காசு விழும் என்பதற்கும் பத்தாயிரம், இருபதாயிரம் என்று மதிப்பீடுகள் மாறுகின்றன. அதைப் பெருக்கி “மொத்தம் இத்தனை கோடி” என்று எழுதும் கட்டுரைகளை நம்பிவிடாதீர்கள்.

கடைசியாக அந்த வெட்டு. காசு அசலா என்று படத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன், யாரும் சொல்லக் கூடாது. எடை பார்க்க வேண்டும், நீரில் அமிழ்த்தி ஒப்படர்த்தி பார்க்க வேண்டும், விளிம்பில் வார்ப்புத் தையல் இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். ஆனால் அசல் என்றே வைத்துக்கொண்டால், வெட்டு பாழாக்கியவன் வேலை இல்லை. எகிப்து, பினீசியா, சிரியா பக்கம் கிடைக்கும் காசுகளில் இப்படி உளி வெட்டு சர்வசாதாரணம். அங்கே காசை எண்ணி வாங்குவதைவிட நிறுத்து வாங்குவதே வழக்கம். முலாமா என்ற சந்தேகம் வந்தால் உளியை வைத்து ஒரு அடி. உங்கள் படத்தைப் பெரிதாக்கி வெட்டின் அடிவரை பாருங்கள். சுவர் இரண்டு பக்கமும் ஒரே வெண்சாம்பல் நிறமாக இறங்குகிறது. செம்பின் சிவப்போ பச்சைக் களிம்போ அடியில் தெரியவில்லை. வெட்டியவன் உள்ளே பார்த்திருக்கிறான், வெள்ளிதான் என்று கண்டிருக்கிறான், காசை வாங்கிப் பைக்குள் போட்டிருக்கிறான்.